மூடி வைத்த நுரை

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. போனில் சொல்லலாம் என்றால் நம் வாலுப் பெண் பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதனால்தான் பேப்பரும் பேனாவும். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, மார்க்கும் போடாதே.

நீ அங்கே போய் இரண்டு வருஷம் முடிந்தும் உன் பள்ளிக்கூடத்தில் இன்னும் ஒரு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னாய். நானும் பெரிய மனுஷன் மாதிரி உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொள்கிறேன். நெற்றியில் பிளாஸ்திரி எதற்கு என்று வீடியோவில் கேட்டாயே, ஒர்க்‌ஷாப்பில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். பச்சைப் பொய்.

நீ கிளம்புவதற்கு முன் அவளுக்கு வினிகரில் சமையல் சோடாவைக் கொட்டி நுரை பொங்க வைத்துக் காட்டினாய் அல்லவா? ஞாயிறு தவறாமல் அதைச் செய்கிறாள். "இது அமிலம், இது காரம், ரெண்டும் சேர்ந்தா வாயு வரும்" என்று உன்னைப் போலவே இடுப்பில் கைவைத்துப் பாடம் வேறு. பேட்டரி முனையில் பூத்திருக்கும் அமிலத்தைச் சோடாத் தண்ணீரால் தினமும் கழுவுகிற மெக்கானிக் நான், எனக்கே பாடம்! ஆனாலும் உட்கார்ந்து கேட்பேன். அந்தப் பேச்சில் நீ இருக்கிறாய்.

போன ஞாயிறு நான் குளித்துவிட்டு வருவதற்குள் இரண்டையும் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, மூடியை இறுக்கித் திருகிவிட்டாள். பாட்டில் உப்பிக்கொண்டு நின்றது. ஐயோ என்று பிடுங்கித் திரும்புவதற்குள் படாரென்று வெடித்துவிட்டது. மூடி என் நெற்றியில். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, பயப்படாதே.

கோபம் தலைக்கேறிவிட்டது. வாயு போக வழியில்லாம எதுக்குடி மூடினே என்று கத்தினேன். விசும்பிக்கொண்டே, "நுரை உடனே அடங்கிப்போயிடுதுப்பா. மூடி வெச்சா அம்மா வர்றவரைக்கும் அப்படியே இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். சுவரில் வழிந்ததைத் துடைக்கிற சாக்கில் வெகுநேரம் அவளுக்கு முதுகைக் காட்டியே நின்றேன்.

அந்த வேலை உனக்கு உயிர் என்று தெரியும். அங்குள்ள பிள்ளைகள் உன்னை விடமாட்டார்கள் என்றும் தெரியும். இருந்தாலும், கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் வாயைத் திறந்து சொல்லாததை இப்போது எழுதுகிறேன்: நீ இல்லாமல் என்னால் முடியவில்லை.

இதோ, வந்து தோளில் தொங்குகிறாள். அம்மாவுக்கா என்று கேட்டுவிட்டு, "நான் சமத்தா இருக்கேன், அழறதே இல்லன்னு எழுதுப்பா" என்கிறாள்.

எழுதிவிட்டேன். நீ அதை நம்பிவிடாதே. உடம்பைப் பார்த்துக்கொள். கையெழுத்து மட்டும் போடாதே, புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
வழி பார்த்திருக்கும்
உன் மெக்கானிக்