தமிழில் மட்டும் சொல்

ஜூலை 8, செவ்வாய்

இல்லை, பாவெல் பொய் சொல்லவில்லை. எங்கள் மலேசியத் தொழிற்சாலையின் தலைவர், செக் நாட்டுக்காரர். எண்பத்தொன்பதில், பத்தொன்பது வயதில், பிராகா சதுக்கத்தின் குளிரில் நின்றது உண்மைதான். கம்யூனிஸ்ட் அரசு போகட்டும் என்று லட்சம் பேர் சாவிக்கொத்தைக் குலுக்கினார்கள். அந்த ஆண்டைப் பற்றித்தான் என் ஆய்வேடு. அதற்காகவே என்னை மொழிபெயர்ப்பாளராக வேலைக்கு எடுத்தார்.

இன்று கேண்டீனில் அந்தக் கதை. அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

"சாவியக் குலுக்குனா கவர்மென்ட் விழுந்துருமா?" என்றார் வயர் கோர்க்கும் அம்சவள்ளி அக்கா. "எங்கூட்டுக்காரரு மோட்டர் சாவிய தெனம் குலுக்குறாரு. வண்டியே கெளம்பல லா!"

எல்லாரும் சிரித்தார்கள். பாவெலும், புரியாமல்.

ஜூலை 10, வியாழன்

வரும் புதன்கிழமை ரகசிய வாக்கெடுப்பு. தொழிற்சங்கம் வேண்டுமா, வேண்டாமா. கார் வயர் கோர்க்கும் பெண்களிடம், அவர்களில் ஒருவரான பிரேமலா அக்கா மாதக்கணக்கில் பேசிக் கொண்டுவந்தது. கழிவறைக்குப் போனாலும் கடிகாரம் பார்க்கும் இடம் இது.

"சங்கமா? அதையெல்லாம்தானே நாங்கள் விரட்டினோம்" என்றார் பாவெல்.



ஜூலை 14, திங்கள்

அறைக்குக் கூப்பிட்டார். நாளைக் கூட்டத்தில் அவர் ஆங்கிலத்தில் 'உங்கள் விருப்பம்' என்று மட்டும் சொல்வாராம். மிச்சத்தை நான் தமிழில் சேர்க்க வேண்டுமாம்: சங்கம் வந்தால் வேலை வியட்நாமுக்குப் போகும்; முதலில் பிரேமலா போவாள்.

"தமிழில் மட்டும் சொல். அக்கறை போல இருக்கும்."

என் மொழி இவருக்குக் கையுறை. வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்தேன். சே, இன்னும் பேசவே இல்லையே?

ஜூலை 15, செவ்வாய்

பேசினேன். "மேனேஜர் இங்கிலீஷ்ல சொன்னது, உங்க விருப்பம். ரூமுல கூப்புட்டு என்னைச் சொல்லச் சொன்னது வேற." அதையும் சொன்னேன், ஒரு சொல் கூட்டாமல்.

யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் லோகேஸ்வரன் பாவெல் காதில் எதையோ போட்டார்.

மாலையில் என்னை வேலையை விட்டு நீக்கி, அட்டையை வாங்கிக்கொண்டார்கள். "உன்னை நம்பினேனே" என்றார் பாவெல். உண்மையாகவே வருந்தினார். தூ.

ஜூலை 16, புதன்

சங்கம் தோற்றுவிட்டது.

ஜூலை 17, வியாழன்

வியட்நாம் என்றதுமே பாதிப்பேர் பயந்துவிட்டார்களாம். அம்சவள்ளி அக்காவும். அம்பலப்படுத்தியதாக நினைத்தேன். மிரட்டல் போய்ச் சேர்ந்தது என் வாயால்தான். பாவெல் கேட்டபடியே, தமிழில்.

பிரேமலா அக்காவுக்கும் வேலை போய்விட்டது. காலையில் பத்தாங் காலியில் என் வீட்டுக்கே வந்தார். "அழுவாத. அவன் சொன்னத ஆபீசர்கிட்ட அப்படியே சொல்லுவியா? ஓட்டு செல்லாதுன்னு கேக்கலாம்."

அவர் காரில் ஷா ஆலம் போனோம். தொழில் உறவு இலாகாவில் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.