அன்ரியின் பெரியப்பாவைத் தேடிப் போனது

அன்ரி,

இன்று பூசை முடிந்து கோயில் மண்டபத்துக்குள் நுழைந்தபோது, கொதித்துக் கொதித்துக் கறுத்துப்போன தேயிலையின் மணம் மூக்கில் ஏறியது. யாரோ கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுக் கதையில் மறந்துபோயிருந்தார்கள். மற்றவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கோப்பிப் பக்கம் போனார்கள். நான் ஒரு கோப்பை வார்த்து, பாலை விட்டு, நின்ற நிலையிலேயே குடித்தேன். நீங்கள் போடுகிற அதே கசப்பு.

எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கின் இந்த எஸ்பியர்க் துறைமுக ஊரில், கத்தோலிக்கக் கோயிலின் ஞாயிறு மேசையில் தேநீர் கேட்ட ஆட்கள் நாங்கள் இருவர்தான். நான் மன்னாரிலிருந்து வந்து துறைமுகத்தில் மீன்பெட்டி இறக்குகிறவன். மனைவியை ஊரில் விட்டுவிட்டு, அவள் கடிதம் வருமா வராதா என்று கிடந்தவன். நீங்கள் அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிறந்து, டேனிஷ் கப்பல்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். அந்த மனிதரையும் ஒருநாள் கடல் எடுத்தது, திருப்பித் தரவில்லை. பிள்ளைகளும் இல்லை.

நீங்கள் பேசியது இங்கிலீசு, இடையிடையே டேனிஷ். ஆனால் இத்தனை காலத்துக்குப் பிறகு என் காதில் நீங்கள் எங்கள் ஊர்த் தமிழில்தான் கதைக்கிறீர்கள். அப்படியே எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

எங்களில் மூத்த பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டோம், அன்ரி என்போம் என்று சொன்னேன். "என்ர ஆக்களில அப்பிடிக் கூப்பிட ஒருத்தரும் மிச்சமில்லை. நீ கூப்பிடு" என்றீர்கள்.

உங்கள் கரையில் ஒருவரை அவர் பெயரோடு தகப்பன் பெயரையும் தகப்பனின் தகப்பன் பெயரையும் சேர்த்துத்தான் அழைப்பார்களாம். ஒரே ஊரில் பத்துப் பாட்றிக் இருந்தால் வேறென்ன செய்வது? "எங்கட ஊரில சந்தியாகு எண்டு கூப்பிட்டா பாதிச் சனம் திரும்பிப் பார்க்கும்" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் அந்த மண்டபமே திரும்பிப் பார்த்தது.

உங்கள் வம்சம் முழுவதும் உங்கள் வாயில் இருந்தது. காகிதத்தில் ஒரு வரி இல்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வீர்கள்: யார் யாருடைய மகன், யார் எந்தப் புயலில் போனார், யார் பொஸ்டனுக்குக் கப்பல் ஏறினார், எந்தப் பெண் ஸ்கொட்லாந்துக்கு ஹெரிங் மீன் வெட்டப் போய் அங்கேயே கல்யாணம் கட்டினாள். ஒவ்வொரு கோடையும் ஊருக்குப் போய், கரையில் எஞ்சியிருந்த கிழடுகளிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தது. ஒரேயொரு ஆள் மட்டும் அகப்படவில்லை. உங்கள் பெரியப்பா. இளவயதில் கப்பலேறியவர், டென்மார்க்கில் ஒரு விதவையைக் கட்டியிருக்கிறார் என்று ஒரே ஒரு தகவல் வந்ததாம். பிறகு சத்தமே இல்லை.

அந்த மனிதரை நீங்கள் ஏன் அப்படித் தேடினீர்கள் என்பது எனக்கு விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது. ஒரு மழை நாளில் நீங்களே சொன்னீர்கள். "நான் செத்தா என்னை அவருக்குப் பக்கத்தில போடவேணும். முன்னபின்ன பார்க்காத மனுசன்தான். எண்டாலும் என்ர ஆள். இந்த நாட்டு மண்ணில தனியக் கிடக்க எனக்குப் பயமாயிருக்கு."

எனக்கு அந்தப் பயம் தெரியும், அன்ரி. என் அப்பு ஊரில் இறந்து, அடக்கமும் முடிந்து, செய்தி மட்டும் எனக்குப் பிந்தி வந்து சேர்ந்திருந்த நேரம் அது.

அதன்பிறகு துறைமுகத்தில் நரைத்த தலை ஒன்றைக் கண்டாலே நான் விடுவதில்லை. என் ஓட்டை டேனிஷில், ஐரிஷ்காரன் ஒருவனைத் தெரியுமா என்று கேட்பேன். பலர் எனக்கு விசர் என்று நினைத்திருப்பார்கள். கடைசியில், வடக்கே மணல்மேட்டு ஊர் ஒன்றிலிருந்து வந்த கிழட்டு மீனவர் ஒருவர் புகைக்கிற சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். ஓம், இருந்தான், கிழிந்த வலை பொத்தும்போது விளங்காத பாஷையில் பாடுவான், எங்கள் கோயிலடியில்தான் புதைத்தோம் என்றார். பெயரையும் சொன்னார். உங்கள் பெரியப்பாவின் பெயர்தான்.

ஓடிவந்து சொன்னேன். நீங்கள் கோப்பை நிறைந்து வழிவதைக் கவனியாமல் தேநீர் வார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அப்போது வசந்தகாலம். வருகிற ஞாயிறே பஸ் எடுப்போம் என்றேன். நீங்கள் தலையாட்டவில்லை.

"முதல்முதல் போறம். கண்ட நாளில போறதோ? மரித்த ஆன்மாக்களின்ர நாளில, மெழுகுதிரியோட போவம்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் ஊர்ச் சேமக்காலைக் கல்லறைகளிலும் நவம்பர் தொடக்கத்தில் அந்த நாளில்தானே ஊர் முழுக்கத் திரி ஏற்றும். இரண்டு கத்தோலிக்கர் கூடி எடுத்த முடிவு. கல்லறை எங்கே ஓடப்போகிறது? எங்கள் இரண்டு ஊர்களிலும் அது ஓடுவதில்லை.

அந்தக் கோடை முழுவதும் நீங்கள் ஒரு கல்யாண வீட்டுக்கு ஆயத்தம் செய்வதுபோல் இருந்தீர்கள். புதுக் கோட்டு வாங்கினீர்கள். பெரியப்பாவுக்குச் சொல்லவேண்டிய சங்கதிகளை ஒழுங்குபடுத்தினீர்கள். அவர் கப்பலேறிய பிறகு யார் பிறந்தார், யார் இறந்தார், எந்த வீடு இடிந்தது, ஒன்றும் அவருக்குத் தெரியாதே என்று கவலைப்பட்டீர்கள். அடிக்கடி என்னை மறித்து வைத்து ஒப்புவித்தும் பார்த்தீர்கள்.

நவம்பரில் போனோம். மணல்மேட்டின் பின்னால் வெள்ளைக் கோயில், முகத்தில் அறைகிற காற்று. சேமக்காலையில் ஒரு சருகு இல்லை. சரளைக்கல்லை வாரி வாரிக் கோடு இழுத்து வைத்திருந்தார்கள், கால் வைக்கவே கூச்சமாக இருந்தது. மரச்சப்பாத்துப் போட்ட காவலாளி வாரியோடு நின்றார். பெயரைச் சொன்னோம். அவர் தொப்பியைக் கழற்றினார்.

இந்த நாட்டில் கல்லறைக்குத் தவணை உண்டு என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. தவணை முடிந்து, புதுப்பிக்க உறவினர் வராவிட்டால், கல்லை எடுத்துவிட்டு நிலத்தைச் சமப்படுத்திவிடுவார்கள். உங்கள் பெரியப்பாவின் கல்லறையை அவர் மனைவியின் முதல் கல்யாணத்து மகள் பார்த்துவந்திருக்கிறாள். அவளும் போய்விட்டாள். இலையுதிர் தொடங்கியதும் எடுத்துவிட்டோம் என்றார் காவலாளி. கல் மற்றக் கற்களோடு உடைக்கப் போய்விட்டதாம். பிறகு, தன்மேல் குற்றமில்லை என்று காட்ட நினைத்தாரோ என்னவோ, இன்னொன்றும் சொன்னார். உறவினர் யாராவது இருந்தால் வந்து பேசவும் என்று எழுதிய சின்னப் பலகை கோடை முழுவதும் அந்த இடத்தில் நின்றதாம்.

கோடை முழுவதும், அன்ரி. நாங்கள் நல்ல நாளுக்குக் காத்திருந்த கோடை முழுவதும்.

அவர் சுட்டிக்காட்டிய இடத்தில் நீங்கள் புதுக் கோட்டோடு முழங்காலில் இருந்தீர்கள். சங்கதிகளை ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள், நான் அதுவரை உங்கள் வாயில் கேட்டிராத உங்கள் சொந்தப் பாஷையில். திரி அணைந்து அணைந்து போனது, நான் என் ஜாக்கெட்டை விரித்துக் காற்றை மறித்துக்கொண்டு நின்றேன். எழும்பியபோது ஒன்றுதான் சொன்னீர்கள். "ஒருக்கா வீட்டை விட்டுப் போனவர். இப்ப ரெண்டாந்தரமும் போயிட்டார்."

திரும்பும்போது பஸ்ஸில் வேறு ஆட்கள் இல்லை. பாதி வழியில், "இனி என்னை எங்கயெண்டாலும் போடுங்கோ" என்றீர்கள். நான் யன்னலுக்கு வெளியே இருட்டிய வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இந்த நாட்டில் எத்தனையோ தனிமையான நாட்களைக் கழித்திருக்கிறேன். அந்தப் பஸ் பயணத்துக்கு ஒன்றும் கிட்ட வராது.

அடுத்த மாரிக்குளிரைத் தாண்ட நீங்கள் இருக்கவில்லை. எஸ்பியர்க்கில்தான் அடக்கம். பெட்டியைத் தூக்கியது நாங்கள், துறைமுகத்துத் தமிழர்கள். அடக்க வேலை பார்த்தவர், குடும்பத்தின் சார்பில் யார் நிற்பது என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போய் நின்றேன். அயல்வீட்டு டேனிஷ்காரர்கள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு என் மனைவி வந்து சேர்ந்தாள், மகள் பிறந்தாள். உங்கள் கல்லறைக்கும் தவணை முடிகிற காலம் வந்தது. பலகை நட விடுவேனா? முன்கூட்டியே சேமக்காலை அலுவலகத்தில் போய் நின்றேன். அங்கிருந்த பெண், நீங்கள் சொந்தமா என்று கேட்டாள். ஓம் என்றேன். என்ன முறை என்று அவள் கேட்கவில்லை, நல்லவேளை.

இந்த வருடம் மறுபடி போனேன். உங்களுக்கு இடப்பக்கம் நிலம் வெறுமையாகக் கிடந்தது. யோசிக்கவில்லை, எனக்கென்று கேட்டு எடுத்துவிட்டேன். வீட்டில் சொன்னதும் மகள் டேனிஷில், அவர் எங்கள் குடும்பமே இல்லையே அப்பா என்றாள். மனைவிக்குக் கோபம். "எங்கட சனம் கிடக்கிற பக்கத்தை விட்டிட்டு, ஆரோ ஒரு வெள்ளைக்காரிக்குப் பக்கத்திலயோ?" இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள், "அதில ரெண்டு பேருக்கு இடம் காணுமோ?"

காணும், ரெண்டு பேருக்கும் போதும் என்றேன்.

நேற்று பின்னேரம் உங்களிடம் வந்து இதைச் சொல்லத்தான் நின்றேன். பக்கத்துக் கல்லறையில் யாரோ பூ மாற்றிக்கொண்டிருந்தார்கள், வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். நாங்கள் வரக் கொஞ்சக் காலம் எடுக்கும். ஆனால் வருவோம். இனிப் பயப்பிடாதேங்கோ, அன்ரி.