தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

பெரிய காஞ்சிபுரம்,
6-7-2024

என் கண்ணான தவிடனுக்கு,

சல்மாம்மா எழுதுவது. நலம்தானே? காது முழுதாகப் போனபிறகு போன் எனக்கு வெறும் பொம்மை. நீ சாப்பிட்டாயா இல்லையா என்பதைக்கூட இனி எழுதித்தான் சொல்ல வேண்டும், சோம்பேறி.

அரசிதழில் பெயரை மாற்றித் தருண் ஆகிவிட்டாயாம். உன் அம்மா அங்கம்மாள் எழுதிக் காட்டினாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தப் பெயரை வைத்தவள் நான்.

உனக்கு முன் பிறந்த மூன்றும் ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. நீ பிறந்ததும் அங்கம்மாள் உன்னைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டிலிருந்து என்னிடம் ஓடிவந்தாள். "அக்கா, இது என்னுது இல்ல, நீ வாங்கிக்க. எமன் என் வூட்டயே பாத்துக்கினு இருக்கான்" என்று அழுதாள். எங்களில் அந்த வழக்கம் கிடையாது. ஆனாலும் பக்ரீத் ஆட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு முறம் அள்ளி அவள் மடியில் கொட்டி உன்னை வாங்கினேன். தெருவுக்கே கேட்க, "இவன் தவிடன், என் புள்ள!" என்று கத்தினேன். சாவு தொடக்கூடாதவன் என்பதுதான் அந்தப் பெயருக்குப் பொருள்.

என் வயிற்றில் எதுவும் பிறக்கவில்லை. பெயர் போனால் போகட்டும், பிள்ளை எனக்கு வேண்டும்.

உன்
சல்மாம்மா

புனே,
19-7-2024

அன்புள்ள சல்மாம்மா,

கேட்காமல் செய்தது தப்புதான், கோபிக்காதீர்கள். இங்கே பெயருக்கு அர்த்தம் கேட்பார்கள். மாட்டுத் தீவனம் என்று ஒருமுறை உளறிவிட்டேன். அதற்கப்புறம் ஆபீசில் தலைகாட்ட முடியவில்லை.

ஆவணியில் எங்கள் புது வீட்டுக் கிரகப்பிரவேசம். விற்ற பிள்ளையை மீட்காமல் பெற்றவர்களோடு மணையில் உட்காரக் கூடாது என்கிறார்கள் என் மாமனாரும் தேவிப்ரியா வீட்டுப் பெரியவர்களும். தவிட்டைத் திருப்பிக் கொடுத்தால் போதுமாம். வெறும் சாங்கியம்தான். சித்தப்பா மகன் பாலாஜியிடம் ஒரு மூட்டை அனுப்புகிறேன். நல்ல தவிடாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகன்,
தருண்

பெரிய காஞ்சிபுரம்,
2-8-2024

அன்புள்ள தருண் தம்பிக்கு,

பாலாஜி ஆட்டோவில் மூட்டையைக் கொண்டுவந்தான். உங்கள் அம்மா தெருவில் குறுக்கே நின்று அவனை ஏதோ திட்டினாள். எனக்குக் கேட்கவில்லை. அவன் தலை குனிந்து மூட்டையை மறுபடி ஆட்டோவில் ஏற்றப் போனதைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

நான்தான் தடுத்தேன். வாங்காமல் விட்டால் உங்கள் வீட்டுக்கு ஏதாவது குறை வந்துவிடுமோ என்று பயம். அன்று அங்கம்மாள் சொன்னதை நம்பித்தான் உங்களை வாங்கினேன். இன்று மட்டும் நம்பமாட்டேன் என்றால் எப்படி? மூட்டையை நானே உள்ளே இழுத்து வைத்தேன். நீங்கள் இனி அங்கம்மாள் பிள்ளை. எனக்குத் தாங்கவில்லை தம்பி, அழுதுகொண்டேதான் எழுதுகிறேன்.

புது வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க துஆ செய்கிறேன். ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டுக்கும் வாருங்கள். பழைய பழக்கத்தில் நேராக அடுப்படிக்குள் போய்விடாதீர்கள். கூடத்தில் உட்காருங்கள், டீ கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
உம்முசல்மா