தட்டு மாற்றிய நாளில் பறந்த விமானம்

முருகேஷ்பாளையா, பெங்களூர்
3.3.1998

சிரஞ்சீவி கண்ணாவுக்கு அக்கா நிருபமா எழுதுவது. அம்மாவும் நானும் சௌக்கியம். உன் சௌக்கியத்தை விசாரிக்க இன்று எனக்கு மனசு வரவில்லை.

பைலட் வேலை இன்டர்வியூவுக்கு வேண்டும், பறந்த மணிக்கணக்கெல்லாம் எழுதிய லாக்புக்கைக் கூரியரில் டெல்லிக்கு அனுப்பு என்று போன் செய்தாயே, பீரோவிலிருந்து எடுத்தேன். பார்சல் கட்டுமுன் ஆசையாகப் புரட்டினேன். புரட்டாமலே இருந்திருக்கலாம்.

பிப்ரவரி எட்டு, ஞாயிறு. காலை பத்தே காலிலிருந்து பதினொன்றே முக்கால் வரை, வெளியே தெரியாதபடி கண்ணை மறைத்து, கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்ததாக எழுதியிருக்கிறாய். பக்கத்தில் பயிற்சி கொடுத்தவரின் கையெழுத்து வேறு. அந்த நேரம் நீ எங்கே இருந்தாய்? அப்பா இல்லாத குறை தெரியாமல் என் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றிக்கொண்டிருந்தாய். பொய் எழுத வேறு நாளே கிடைக்கவில்லையா உனக்கு?

நேற்று மறுபடி கூப்பிட்டபோது கேட்டேன். எல்லாரும் பண்றதுதான், சும்மா பெரிசு பண்ணாதேக்கா என்று சிரித்தாய். இப்படிக் கண்ணை மறைத்துப் பறந்ததாக எழுதிய நாற்பது மணி நேரத்தில் எவ்வளவு நிஜம் என்றேன். பாதிக்கு மேலே என்றாய். வெங்காயம் வாங்கினால்கூடப் பாதி அழுகலை அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள்.

மேகத்துக்குள் போனால் மேல் எது கீழ் எது என்று நம் உடம்பே பொய் சொல்லும், கருவியில் இருக்கிற முள்ளைத்தான் நம்பணும் என்று காலண்டர் அட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டு ஹாலில் நடந்து காட்டியவன் நீதானே? சீ!

அம்மாவிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு மேலே விமானம் தாழ்ந்து வரும்போதெல்லாம் கரண்டியை வைத்துவிட்டுக் கைகூப்புகிறாள். யார் பெத்த பிள்ளையோ, பத்திரமா இறங்கணும் என்கிறாள். அதில் எத்தனை பேர் இருப்பார்கள் அம்மா என்று இன்று கேட்டேன். நூறு பேராவது இருப்பா, ஏன் கேட்கறே என்றாள். சமையலறையை விட்டு வந்துவிட்டேன்.

லாக்புக்கை அனுப்பப் போவதில்லை. என் புடவைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். வியாழக்கிழமை இன்டர்வியூ போனால் போகட்டும். அந்த வேலைக்காக நீ மூன்று வருஷம் காத்திருந்தது எனக்குத் தெரியும். திட்டுவதானால் திட்டு. திரும்பி வந்து, பொய்யை எல்லாம் நீயே ஒப்புக்கொண்டு, பறக்காததைப் பறந்து முடி.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். உன் முதுகுக்குப் பின்னால் நம்பி உட்காரப்போகிறவர்களும் இருக்க வேண்டும். வைகாசியில் கல்யாண ஹோமத்தின்போது என் கையில் பொரி போட வேண்டியவன் நீதான், வேறு யாரையும் நான் கேட்க மாட்டேன். கையைக் கழுவிக்கொண்டு வா.

உன் அக்கா,
நிருபமா