எடுக்காத சாமானைத் திருப்பி வைத்தால்

நேற்று மாலை என் மாணவி ஒருத்தி தன் புராஜெக்டைக் காட்டினாள். ஜாவாவில் எழுதிய இணையக் கடை. நிஜக் கடை இல்லை, பாவனைக் கடை. திரையில் சாமான்களின் படங்கள், பக்கத்தில் ஒரு கூடை, கீழே பொத்தான்கள். பொத்தானை அழுத்தினால் அதற்கென்று எழுதிய நிரல் விழித்து வேலை செய்யும். அழுத்தாதவரை சும்மா இருக்கும். நான் வேண்டுமென்றே, கூடையில் இல்லாத ஒரு சோப்பை நீக்கச் சொல்லி அழுத்தினேன். மொத்தத் தொகை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது.

“இதை நான் யோசிக்கவே இல்லையே மிஸ்,” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புக்கிட் செந்தோசாவில் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகும் கோபம் அடங்கவில்லை. அந்தப் பெண் மேல் இல்லை. நமக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த வாத்தியார் மேல், என் மேல், உன் மேலும்தான். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இனி யாரோடு சண்டை போடுவது? அதனால் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், கோலா சிலாங்கூரில் ஒரு துணிக்கடையின் மாடியில் அந்தக் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. எட்டுப் பேருக்கு மூன்று மெஷின். நான் தோட்டத்துக் கிராணியின் மகள். அப்பா ஆபீசில் உட்கார்ந்து பேரேடு எழுதுகிறவர். உன் அப்பா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். ஒரே தோட்டம், ஒரே பஸ். வாரம் முழுக்க நீ தோட்டத்துக் கடையில் சாமான் நிறுத்துக் கொடுத்தாய். சனிக்கிழமை மத்தியானம் மட்டும் கடைக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி வகுப்புக்கு வந்தாய்.

கடைசிப் பயிற்சியாக, ஒரு கடையை மெஷினில் நடத்திக் காட்டச் சொன்னார் வாத்தியார். எப்படி என்றும் பலகையில் எழுதிப் போட்டார். முதலில் பெயரைக் கேள், அடுத்து சாமானைக் கேள், எத்தனை என்று கேள், பில் போடு. நீ எழுந்து நின்றாய்.

“கடைக்கு வர்ற ஆளு இப்படி வரிசையாவா பேசும் சார்? அரிசிய எடுக்கும், வச்சிடும், எண்ணெய் கேக்கும், ஒன்னுமே வாங்காமக்கூட போயிடும். மெஷின் ஏன் கேட்டுக்கிட்டே இருக்கணும்? அது பேசாம நிக்கட்டும் லா. ஆளு என்ன செய்யுதோ அதுக்குத் தக்கன இது செய்யட்டும்.”

“கடையில நிறுக்கிற பிள்ளை எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்குது,” என்றார் அவர். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

நீ சொன்னதற்கு ஒரு பெயர் இருக்கிறது. நிகழ்வு சார்ந்த நிரலாக்கம். பாதிப் பருவம் அதைத்தான் நடத்துகிறேன், சம்பளம் வாங்குகிறேன். உலகத்தில் வேறு யாராவது அப்போதே அதைச் செய்துகொண்டிருந்திருப்பார்கள். ஆனால் நமக்கு யாரும் சொல்லவில்லை. நீ அதை அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்று கண்டுபிடித்தாய்.

நீ சொன்ன வழியிலேயே அதை நாம் இருவரும் எழுதி முடிக்க ஏழு சனிக்கிழமை ஆனது. உன் வீட்டில் மெஷின் ஏது? கோடு போட்ட நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டு வருவாய். எனக்கு விரல் வேகம்; நான் டைப் செய்வேன். அது ஓடிய அன்று நான் வாங்க வந்த ஆளாக உட்கார்ந்தேன். ஒரு எழுத்தை அழுத்தினால் அரிசி கூடையில் ஏறியது, இன்னொன்றை அழுத்தினால் இறங்கியது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். திரையும் அசையவில்லை.

“பாத்தியா, அவசரப்படுத்தாம நிக்குது. எங்க கடைக்காரரை விட நல்ல ஆளு,” என்று சிரித்தாய். பிறகு நோட்டைப் புரட்டி, “எடுக்காத சாமானைத் திருப்பி வச்சா கணக்கு கெட்டுப் போவுது. அடுத்த வாரம் சரி பண்ணிடுறேன்,” என்றாய்.

அடுத்த வாரம் அதற்கு இடம் இல்லை. வாத்தியார் அதை விலைபேச, கிள்ளானிலிருந்து ஒரு பலசரக்கு முதலாளியை அழைத்து வந்திருந்தார். நாலு கிளை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர். திரையின் உச்சியில் வாத்தியாரின் பெயர் இருந்தது. “நான் எழுதினதுதான். பிள்ளைங்க டைப் பண்ணாங்க,” என்றார்.

முதலாளி விவரமானவர். அவர் ஒவ்வொரு கேள்வி கேட்டபோதும் வாத்தியார் உன்னைத் திரும்பிப் பார்த்ததைக் கவனித்துவிட்டார். சம்பந்தப்படாத ஆள் உண்மை பேசும் என்று நினைத்தாரோ என்னவோ, என்னைக் கேட்டார்.

“நீ சொல்லும்மா. இதை எழுதினது யாரு?”

என் அப்பா முந்தின வாரம்தான் வாத்தியாரைப் பார்த்து, எனக்கு அங்கேயே ஒரு வேலை கேட்டிருந்தார். நான் வாத்தியாரின் முகத்தைப் பார்த்தேன்.

“எல்லாரும் சேர்ந்துதான் எழுதினோம், முதலாளி.”

பஸ்ஸில் நான் ஏதேதோ பேசினேன். வேலை கிடைத்ததும் உன்னையும் உள்ளே இழுத்துக்கொள்வேன், உண்மையைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றெல்லாம். நீ வெளியே செம்பனை மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தாய். தோட்டத்துச் சந்தியில் இறங்கினோம். நான் கிராணி வீட்டுப் பக்கம் போக வேண்டும், நீ தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம். அப்போதுதான் வாயைத் திறந்தாய்.

“என் பேரு ரெண்டெழுத்து தானடி. சொல்ல எவ்ளோ நேரம் ஆகும்?”

இரண்டு வாரத்தில் வாத்தியாரின் கார் உங்கள் கடை வாசலில் வந்து நின்றது. முதலாளியின் ஆட்கள் சோதித்துப் பார்த்தபோது, நீ சொன்ன அதே இடத்தில் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போயிருந்தது. வாத்தியாருக்கு எங்கே கை வைப்பது என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. வழி காட்டவென்று காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

“சின்ன வேலைதான். வந்து சரி பண்ணிக் குடுத்துட்டுப் போ,” என்றார்.

நீ தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எல்லாரும் சேர்ந்துதானே எழுதுனீங்க சார். எல்லாரும் சேர்ந்து சரி பண்ணுங்க.”

“சர்டிபிகேட் தரமாட்டேன்.”

“நீங்களே வச்சுக்குங்க.”

முதலாளி அதை வாங்கவில்லை. வாத்தியாருக்கு அது ஒரு கெட்ட வாரம், அவ்வளவுதான். உனக்கோ எல்லாமே அதோடு முடிந்தது. அடுத்த மாதம் எனக்கு வேலை கிடைத்தது.

உன் மேல் ஏன் கோபம் என்று கேட்பாய். நீ என்னை அறைந்திருக்க வேண்டும். லயமே கூடும்படி என்னைத் திட்டியிருக்க வேண்டும். நீ லோரி ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டாய். தோட்டம் விற்றுப்போனதும் புக்கிட் பெருந்துங்குக்கு வந்து, தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினாய். ஒருமுறை சந்தையில் எதிரே பார்த்து, மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “கீரை வாடிப் போயிடும், நான் வர்றேன்,” என்று நகர்ந்துவிட்டாய். நீ எனக்கு மன்னிப்பும் தரவில்லை, சண்டையும் தரவில்லை.

அந்த வாத்தியார் இறந்தபோது மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். இந்த வட்டாரத்துக்கே கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவர் என்று பேசினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை.

உன் சாவு வீட்டில் உன் மகள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். “அம்மாவுக்கு கம்ப்யூட்டர்லாம் ஒன்னும் தெரியாது. ஃபோன்ல மெசேஜ் அனுப்பக்கூட என்னைத்தான் கூப்புடுவாங்க.”

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. வந்தவர்கள் எல்லார் முன்னாலும் சொன்னேன். யார் எழுதினது, யார் பொய் சொன்னது, எல்லாவற்றையும், உன் பெயரைச் சொல்லி. உன் மகள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி.

“அம்மா உயிரோட இருந்தப்ப இதை ஏன் ஆண்ட்டி சொல்லல?”

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். மூன்று மாதமாக அந்தக் கேள்வியைத்தான் சுமந்துகொண்டு வகுப்புக்குப் போகிறேன், வருகிறேன். பயம் என்று சொல்லலாம், அறியாத வயசு என்று சொல்லலாம். இரண்டும் பொய். இந்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்கப் போகிறேன், உள்ளதைச் சொல்ல. எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. உன்னைவிட அது வேண்டியிருந்தது.