புகை போகிற நேரம்

ஜனவரி 5, 2009. திங்கள்.

மூடுபனி. பண்ருட்டி தாண்டும்வரை எதிரே வரும் லாரிகூடத் தெரியவில்லை. மஞ்சக்குப்பம் பள்ளிக்கு லேட். ஹெச்.எம். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. வாங்க வேண்டியது: இந்துவுக்கு மருந்து, சிவப்பு பேனா, பொங்கல் பானை (கவிதா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்).

இந்துவுக்கு இன்றும் விடியற்காலையில் இழுப்பு. ஆறு வயசுப் பிள்ளை, கட்டிலில் உட்கார்ந்து தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குகிறாள். பார்க்க முடியவில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே மச்சானின் முந்திரிக் கொட்டகை. டிரம்மில் கொட்டையை வறுக்கும்போது தோட்டிலிருக்கும் எண்ணெய் கசிந்து எரியும். கறுப்புப் புகை, தொண்டையை அறுக்கும். மச்சான் கவிதாவின் தம்பி. நாங்கள் வீடு கட்டியிருக்கும் மனையே அவன் கொடுத்தது. எந்த வாயால் சொல்வது?

ஜனவரி 7. புதன்.

மச்சானே வந்துவிட்டான். "பாப்பா இருமுறது எனக்கே கேக்குது மாமா. நாளையிலேர்ந்து நாலு மணிக்கெல்லாம் பத்த வச்சிடறேன். நீங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள பொகை போயிடும்."

தங்கமான மனசு. டீ கொடுத்து அனுப்பினோம்.

ஜனவரி 9. வெள்ளி.

இன்னும் மோசம். இலை அசையவில்லை. கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தேன். புகை முருங்கை மர உயரத்துக்கு எழும்பியது, அதற்குமேல் போகாமல் அப்படியே படுத்துக்கொண்டது. பிறகு நிதானமாக எங்கள் ஜன்னலுக்கு வந்தது.

9 பி-யில் நான் நடத்துவது: சூடான காற்று லேசானது, மேலே போகும். அம்புக்குறியெல்லாம் போட்டு அழகாகப் படம் வரைவேன். ஆனால் இந்தப் பனிக் காலத்தில் ராத்திரி முழுக்கத் தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கும்; அதற்கு மேலே இருப்பது அதைவிடச் சூடான காற்று. பானைக்குத் தட்டு போட்டு மூடிய மாதிரி. புகை கொஞ்சம் ஏறும், ஆறும், தட்டுக்குக் கீழேயே தங்கிவிடும். வெயில் வந்து தரை காய்ந்தால்தான் தட்டு திறக்கும். அப்படியென்றால் மச்சான் எவ்வளவு சீக்கிரம் பத்த வைக்கிறானோ அவ்வளவு கெடுதல். எங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்து என் பிள்ளையைப் புகையில் போடுகிறான். நான் டீ கொடுத்து அனுப்புகிறேன். படித்த மடையன்.

ஜனவரி 10. சனி.

சிதம்பரம். பிள்ளைகள் டாக்டர். கூட்டம், டோக்கன், ஒரே அழுகைச் சத்தம். டாக்டர் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, "வீட்டுப் பக்கத்துல ஏதாவது எரிக்கிறாங்களா?"

கவிதா உடனே, "இல்ல சார்."

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "என் தம்பியப் போயி டாக்டர்கிட்ட சொல்லச் சொல்றீங்களா?" என்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இந்து என் மடியில் தூக்கம். யாரிடம் கோபப்படுவது என்று தெரியாத கோபம், பண்ருட்டி வரைக்கும்.

ஜனவரி 11. ஞாயிறு.

மச்சானைக் கூப்பிட்டுக் காட்டினேன். பனி விலகுவதற்கு முன் கொல்லையில் ஊதுவத்தி: புகை இழை இடுப்பளவு ஏறி வளைந்து படுத்தது. உச்சி வெயிலில் இன்னொன்று: சுவரைத் தாண்டி மேலே போய்க் காணாமல் போனது.

"ஊதுவத்திக்கும் டிரம்முக்கும் என்னா மாமா சம்மந்தம்?"

தரை, சூடு, தட்டு, எல்லாம் சொன்னேன். தலையைச் சொறிந்தான். "நமக்கு அதெல்லாம் வெளங்காது. பாப்பாவுக்கு நல்லதுன்னா பதினொரு மணிக்கு மேல பத்த வைக்கிறேன். அஞ்சலையக்காகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க. அது என்னைத் திட்டும்."

டிரம் சுற்றுவது அஞ்சலை. சொன்னேன். "வெயில்ல அடுப்புகிட்ட நிக்கணுமா சார்?" தலைத்துணியை அவிழ்த்து உதறினாள். "சரி. கொழந்தைக்காவ."

வெட்கமாக இருந்தது. அதற்காக வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜனவரி 13. செவ்வாய்.

போகி. பாய், டயர், பழைய துடைப்பம். ஊரே எரித்தது. இதற்கு யாரிடம் ஊதுவத்தி காட்டுவது! கதவிடுக்கில் ஈரத்துணி. கொட்டகை பொங்கல் முடியும்வரை லீவு.

ஜனவரி 20. செவ்வாய்.

நேற்று முதல் மதிய வறுப்பு. பள்ளியிலிருந்து இரண்டு தடவை போன். கவிதா: "மேலதாங்க போவுது. நேரா மேல. எத்தினி தடவ கேப்பீங்க?"

ராத்திரி இந்து அசையாமல் தூங்கினாள். அடிக்கடி எழுந்து மூக்குக்கிட்ட விரல் வைத்துப் பார்த்தேன். சந்தோஷப்படவே பயம்.

ஜனவரி 24. சனி.

வெயில், நல்ல வாடைக் காற்று. இந்துவுக்கு வாரம் முழுக்க இழுப்பு இல்லை. தெருவில் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு ஓடுகிறாள். கவிதா வடை சுட்டாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று!

மத்தியானம் அஞ்சலை கொல்லைப் பக்கம் தண்ணீர் கேட்டு வந்தாள். முகமெல்லாம் கரி, வேர்வை. சொம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். என்னவென்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். காலையில வறுத்தப்ப எங்க பக்கம் பொகையே வராது. இப்ப மதியத்துல காத்து அடிக்குதா, ரோட்டத் தாண்டி எங்க காலனியில எறங்குது. பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. கைப்புள்ள மூச்சு முட்டி முட்டி அழுவுது."

அவள் குரலில் கோபம் துளியும் இல்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை.

"நீங்க காத்தப் பத்தி படிச்சவரு. ரெண்டு பக்கமும் வராத மாதிரி ஒரு நேரம் பாத்துச் சொல்லுங்க சார். எப்பன்னாலும் வந்து வறுக்கறேன்."

காற்று நின்றால் எங்கள் ஜன்னல், அடித்தால் அவள் காலனி; அப்படி ஒரு நேரம் கிடையாது. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.