யோகம் அக்காவின் கதிரைக் கை

நவம்பர் 4, செவ்வாய்
மழை. பட்டறைக் கூரை மூன்று இடத்தில் ஒழுகல். கதிரைக்குக் கை இரண்டு சீவ வேண்டும், இருந்து எழும்ப ஊன்றுகிற மரம். உடையார்கட்டு யோகம் அக்காவுக்கு. வலது கால் பொய்க்கால். எழும்பும்போது பாரம் முழுக்கக் கதிரைக் கைகளில்தான், நல்ல முதிரை மரத்தின் வைரத்தில் செய்யுங்கள் என்று போன கிழமை என்னிடமே சொல்லிவிட்டுப் போனவர். முதலாளி தந்திருப்பது வெள்ளை. பட்டையோடு ஒட்டிய, வைரம் ஏறாத சோத்தி மரம். ஒரு நுனி உளுத்தும் போய்விட்டது. சீவச் சீவ உளுத்த மா கொட்டுகிறது. தேத்தண்ணிக்குள்ளும் மா. துப்பினேன்.

நவம்பர் 5, புதன்
இது வெள்ளை என்று முதலாளியிடம் சொன்னேன். “வார்னிஷ் அடிச்சால் எல்லாம் முதிரைதான்.” வாய் நிறைய வெற்றிலை. மரத்தூளையும் பசையையும் குழைத்து, ஓட்டைகளுக்குள் பெருவிரலால் அப்பினார். பிறகு அதே விரலை என் சீவுளியில் துடைத்தார். சீ, என்ன மனிசன்.
வாங்க: அரத்தாள், தும்புத்தடி, அம்மாவின் சீனி வருத்தக் குளிசை.

நவம்பர் 6, வியாழன்
கதிரைக் கையின் நுனியை, அது பொருந்தும் துளைக்கு அளவாக வெட்டினேன். கூடுதலாக வெட்டுப்பட்டுவிட்டது. உள்ளே ஆடியது. அதற்கும் அதே குழையல். இந்த முறை அப்பியது என் விரல். யாரும் சொல்லவில்லை, நானாகவே. முதலாளியைத் திட்டி எழுதத்தான் கொப்பியை எடுத்தேன். என்னை நினைக்கத்தான் அருவருப்பு.
வார்னிஷ் அடித்தாயிற்று. பார்க்க நல்ல வடிவு.

நவம்பர் 8, சனி
வெயில். யோகம் அக்கா பஸ்சில் வந்து இறங்கினார். கதிரைக் கையைத் தடவிப் பார்த்தார். “நீங்கள் செய்ததெண்டால் நான் நம்பி இருப்பன், தம்பி.” பத்து வருசத்துக்கு அசையாது என்றார் முதலாளி. அக்கா இருந்து பார்க்க ஊன்றுதடியைச் சுவரில் சாத்தினார்.
கொஞ்சம் பொறுங்கோ அக்கா என்று சொல்லி, நான் முதலில் கதிரையில் இருந்தேன். கதிரைக் கை இரண்டிலும் பாரம் முழுவதையும் ஊன்றி எழும்பினேன். கதிரையின் இடது கை முறிந்தது. மா, பசை, எல்லாம் வெளியே.
திங்கள் வேலைக்கு வரவேண்டாம் என்றார் முதலாளி. அது பரவாயில்லை. யோகம் அக்கா குனிந்து மாவைக் கிள்ளிப் பார்த்தார்.
“உங்களுக்கு இது முந்தியே தெரியுமோ?”
ஓம் என்றேன்.
“எப்ப தொடக்கம்?”
செவ்வாய் என்றேன்.
தடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அடுத்த பஸ் வர முக்கால் மணித்தியாலம். பட்டறைக்குள் ஏழு கதிரை. நின்றுகொண்டே இருந்தார்.